வெள்ளிக்கிழமை ராத்திரி ஜட்ஜய்யா

ஏலே யய்யா, நீ டெக்சாஸ்ல கம்ப்யூட்டர் வேலை பாக்குறேன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியிறேன். ஜட்ஜு வேலையும் சேத்துப் பாக்குற சங்கதி இந்த லீவுக்கு நீ வந்த பெறகுதான் தெரியுது. லேப்டாப்பை மடியில வச்சுக்கிட்டு, கடலை மிட்டாயைக் கடிச்சுக்கிட்டே "சரியான அடி", "இவனுக்கு இதுவும் வேணும் இன்னமும் வேணும்", "இந்த ஆபீசர் தங்கமான மனுசன்"னு அடுக்கடுக்கா தீர்ப்பு குடுக்குறியே, கோவில்பட்டி கோர்ட்டுல நான் டவாலியா நின்ன காலம் பூரா இம்புட்டு வேகமா தீர்ப்பு சொன்ன மாஜிஸ்திரேட்டு ஒருத்தரையும் பாத்ததில்ல. சாட்சி கிடையாது, வக்கீல் கிடையாது, வாய்தா கிடையாது. விளம்பரம் வாறதுக்குள்ள கேஸு முடிஞ்சிருது.

கோவிச்சுக்கிடாத. குத்தமாச் சொல்லல. வாரம் பூரா உழைக்கிற பய, வெள்ளிக்கிழமை ராத்திரி அமெரிக்கா போலீசு திருடனைப் பிடிக்கிறதைப் பாத்தா என்ன கெட்டுப்போச்சு? ஆனா எந்தத் தொழிலா இருந்தாலும் முறையாக் கத்துக்கிடணும்லா. கோர்ட்டு வாசல்ல நின்னு மூணு தடவை பேரைக் கூவிக் கூவியே சட்டம் படிச்சவன் நான். எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன். தெரியாததை மதுரை பெஞ்சுல ஜூனியரா இருக்காளே உன் தங்கச்சி, அவகிட்ட கேட்டு வச்சிருக்கேன். அவ உன்னைத் திட்டினதை மட்டும் விட்டுருதேன்.

இந்த வகை நிகழ்ச்சிக்குத் தலைப்பிள்ளை 'காப்ஸ்'. 1989 மார்ச்சுல ஃபாக்ஸ் டிவியில ஆரம்பிச்சது. ஃபுளோரிடாவுல ப்ரோவர்ட் கவுண்டி போலீசு பின்னால கேமராவைத் தூக்கிக்கிட்டு ஓடுனாங்க. ஜான் லாங்லி, மால்கம் பார்பர்னு ரெண்டு பேரு யோசனை. அதுக்கு முந்தின வருசம் ஹாலிவுட்ல எழுத்தாளருக எல்லாம் ஸ்ட்ரைக்கு. கதை எழுத ஆளு இல்ல. அந்த நேரத்துல எழுத்தாளனே வேண்டாத நாடகம் ஒண்ணு கிடைச்சா எந்த முதலாளி விடுவான்? ஹீரோவுக்கு அரசாங்கமே சம்பளம் குடுத்துருது. ஜீப்புக்குப் பெட்ரோல் ஸ்டேசன் கணக்கு. வில்லனுக்கு பேட்டாகூடக் கிடையாது, அவனே ஓடி, அவனே விழுந்து, அவனே அழுதுருவான். இம்புட்டு சல்லிசா ஒரு படம் எங்கயாவது எடுக்க முடியுமா?

வில்லன் மூஞ்சியைக் காட்டணும்னா 'காப்ஸ்'காரன் அவன்கிட்ட ஒரு பேப்பர்ல கையெழுத்து வாங்கணும். போலீசு பிடியில நிக்கிறவன்கிட்ட பேப்பரை நீட்டினா அவன் படிச்சா பாப்பான்? டான் டாபெர்ஸ்கின்னு ஒருத்தர் 2019ல 'ரன்னிங் ஃப்ரம் காப்ஸ்'னு ஒரு பாட்காஸ்ட் போட்டாரு. நூத்துக்கணக்கான எபிசோடை உக்காந்து பாத்து, அதுல வந்த ஆளுகளைத் தேடிப் போயி விசாரிச்சிருக்காரு. எதுல கையெழுத்து போட்டோம்னு தெரியாமலே போட்டோம்னு சொன்னவங்க உண்டு. அதுலயே இன்னொரு விசயமும் வெளிய வந்துச்சு. எடுத்த படத்தை ஒளிபரப்புறதுக்கு முந்தி அந்தப் போலீசு டிபார்ட்மெண்ட்டுக்குப் போட்டுக் காட்டுவாங்களாம். இது வேண்டாம்னு அவங்க சொன்னா வெட்டு.

இப்பச் சொல்லு. எதிரியோட வக்கீல் பாத்து வெட்டினதை நீ பாத்திருக்கியா? கோர்ட்டுல முதல் விசாரணைன்னு ஒண்ணு உண்டு, குறுக்கு விசாரணைன்னு ஒண்ணு உண்டு. ஏட்டையா கூண்டுல ஏறி, "நான் ரோந்து சென்றபோது எதிரி எங்களைக் கண்டதும் ஓட முயன்றார்"னு எழுதி வச்சதை ஒப்பிப்பாரு. கேக்கக் கேக்க எனக்கே எதிரி மேல கோவம் வரும். பெறகு எதிர்த்தரப்பு வக்கீல் எந்திரிச்சு, "ராத்திரி பதினோரு மணிக்கு தெருவிளக்கு எரிஞ்சதா? எத்தனை அடி தூரத்துல நின்னீக? மகஜர்ல கையெழுத்துப் போட்ட சாட்சி உங்க ஸ்டேசனுக்கு டீ கொண்டாற பையன்தான?"ன்னு ஒவ்வொண்ணா உருவுவாரு பாரு, அதுக்கப்புறந்தான் எனக்குக் கேஸே புரியும். நீ பாக்குறதுல முதல் விசாரணை மட்டுந்தான் இருக்கு. அதையும் பின்னணி இசையோட குடுக்கான்.

இசைன்னதும் ஞாபகம் வருது. 'காப்ஸ்'ல ஒரு குரல் வந்து, கோர்ட்டுல நிரூபிக்கப்படுற வரைக்கும் எல்லாரும் நிரபராதின்னு சொல்லிருது. ரொம்பச் சரி. ஆனா அந்த நிகழ்ச்சிக்கு முகப்புப் பாட்டு எது தெரியுமா? இன்னர் சர்க்கிள்னு ஜமைக்காக்காரங்க கோஷ்டியோட 'பேட் பாய்ஸ்'. நிரபராதிகளை வரவேற்க எடுத்த பாட்டைப் பாத்தியா! சட்டத்துக்கு ஒரு வரி, கைதட்டுக்கு ஒரு பாட்டு.

சரி, ஆபீசர் தங்கமான மனுசன்னு சொன்னே. இருக்கலாம். நல்ல போலீசை நானும் பாத்திருக்கேன். சொந்தக் காசுல கைதிக்கு இட்லி வாங்கிக் குடுத்த ஏட்டு உண்டு. ஆனா உன் அத்தையைப் பொண்ணு பாக்க வந்த அன்னைக்கு உன் அப்பத்தா எப்படி இருந்தான்னு உனக்குத் தெரியாது. வாழ்நாள்ல அன்னைக்கு ஒருநாள்தான் என்னை "ஏங்க"ன்னு கூப்பிட்டா. அந்த "ஏங்க"வைக் கேட்டுட்டு நான் யாரையோ கூப்பிடுறாளாக்கும்னு திரும்பிப் பாத்தேன். மாப்ள வீட்டுக்காரங்க "என்ன மரியாதையான குடும்பம்"னு மெச்சிக்கிட்டே பஜ்ஜியைத் தின்னுட்டுப் போனாங்க. கேமரா பாத்துக்கிட்டு இருக்கையில "சார், கொஞ்சம் கீழ இறங்குறீங்களா"ன்னு கேக்குற போலீசு எல்லாம் அந்த "ஏங்க" ஜாதிதாம்லே.

ஆனா இதுல ஒரு சூட்சுமம் இருக்கு. பொண்ணு பாக்க வந்தவுக மரியாதையைத்தான் எதிர்பாத்து வந்தாக. நீங்க எதை எதிர்பாத்து உக்காந்திருக்கீக? ஒருத்தன் ஓடணும், இன்னொருத்தன் விரட்டணும். பின்னால ஒரு லைட்டு எரியலைன்னு வண்டியை ஓரங்கட்டச் சொல்லி, "பல்பை மாத்திருங்கம்மா, போயிட்டு வாங்க"ன்னு அனுப்பி வைக்கிற போலீசை எத்தனை நிமிசம் பாப்பே? சேனலை மாத்திருவே. அதே ஆபீசர் டார்ச்சை உள்ள அடிச்சு, கஞ்சா வாடை வருதேன்னு சொல்லி, ஆளை இறக்கி, சீட்டுக்கு அடியில கையை விட்டாத்தான் நீ நிமிந்து உக்காருறே. அந்தப் போலீசுக்கும் அது தெரியும். நீ இங்க நிமிந்து உக்காந்தா போதும், அவன் அங்க ஓடுவான்.

இதுக்குப் பெரிய சாட்சி சேவல். சிரிக்காத, கேளு. ஸ்டீவன் சீகல்னு ஒரு சண்டை நடிகர் உண்டுல்லா, அவரை வச்சு 2009ல ஏ அண்ட் ஈ சேனல் 'லாமேன்'னு ஒரு தொடர் ஆரம்பிச்சது. மனுசன் லூயிசியானாவுல நெசமாவே ஒரு போலீசு பேட்ஜும் வச்சிருந்தாரு. 2011 மார்ச்சுல அரிசோனாவுக்குப் போனாரு. அங்க மாரிகோப்பா கவுண்டி ஷெரீஃப் ஜோ அர்பாயோ. அந்த மனுசருக்கும் கேமரான்னா உசுரு. ஒரு வீட்டுல சேவச்சண்டைக்குச் சேவல் வளக்குறான்னு தகவல். நம்ம பக்கம்னா என்ன செய்வாக? ரெண்டு ஏட்டு ஒரு டிவிஎஸ் ஃபிஃப்டியில வந்து இறங்குவாக. கட்டுல நின்ன கூட்டம் கம்மாக்கரை வழியா ஓடிரும். அகப்பட்ட சேவலு ஸ்டேசனுக்குப் போகும். அது கோர்ட்டுக்கு வந்து சேருமா சேராதான்னு நான் சொல்ல மாட்டேன். அரிசோனாவுல என்ன நடந்துச்சுன்னா, கவசவண்டி வந்துச்சு. ஆமா, போருக்குப் போற மாதிரி இரும்பு வண்டி. தலைக்கவசம் போட்ட அதிரடிப் படை. கூடவே சினிமா ஹீரோ, கேமரா. வீட்டுக்குள்ள இருந்தது ஒத்த ஆளு, கையில ஆயுதம்னு ஒண்ணும் இல்ல. மிருகவதை தனக்குப் பிடிக்காதுன்னு சீகல் காரணம் சொன்னாரு. நூத்துக்கு மேல இருந்த சேவல்கள் என்னாச்சு? அதிகாரிகளே கொன்னு போட்டாக. வதையில இருந்து காப்பாத்தியாச்சு.

கேமரா இல்லேன்னா அந்த இரும்பு வண்டிக்கு அன்னைக்கு வேலை இருந்திருக்குமான்னு யோசிச்சுப் பாரு. நான் தீர்ப்பு சொல்லல. டவாலி பேரைத்தான் கூப்பிடலாம்.

சிரிக்க முடியாத கதையும் உண்டு. டெட்ராய்ட்டுல 2010 மே மாசம், நடுராத்திரி தாண்டி ஒரு வீட்டுல ரெய்டு. 'தி ஃபர்ஸ்ட் 48'னு அதே ஏ அண்ட் ஈ சேனல் நிகழ்ச்சிக்காரங்க கூட வந்து படம் பிடிச்சாங்க. சன்னல் வழியா வெளிச்சக் குண்டை எறிஞ்சுட்டு உள்ள பாஞ்சாங்க. சோஃபாவுல தூங்கிக்கிட்டு இருந்த ஏழு வயசுப் பிள்ளை போலீசு குண்டு பட்டுச் செத்துப்போச்சு. தேடிப் போன ஆளு இருந்தது மாடி வீட்டுல. சுட்ட ஆபீசர் முந்தியே இன்னொரு போலீசு நிகழ்ச்சியில முகம் காட்டுனவரு. ரெண்டு தடவை விசாரணை நடந்தும் ஜூரி ஒத்துப்போகல. 2015ல கேஸைக் கைவிட்டாங்க. அதே ஊரு போலீசு தலைவரு, தானே ஹீரோவா 'தி சீஃப்'னு ஒரு நிகழ்ச்சிக்கு முன்னோட்டமே எடுத்து வச்சிருந்தாரு. அது வெளிய வந்த கையோட பதவியும் போச்சு. ஏழு வயசுப் பிள்ளை செத்த அந்த ராத்திரிக்கு நீ "சரியான அடி"ன்னு சொல்ல மாட்டேன்னு எனக்குத் தெரியும். ஆனா நீ மத்த ராத்திரிகள்ல சொன்னதைக் கேட்டுத்தான் அந்தக் கேமரா அங்க போச்சு.

"அப்ப கோர்ட்டு என்ன செஞ்சுச்சு தாத்தா"ன்னு கேப்பே. செய்யாம என்ன. 1992ல மேரிலாண்டுல ஒரு வீட்டுக்குள்ள விடியக்காலம் போலீசு புகுந்துச்சு, கூடவே பத்திரிகைக்காரனும் போட்டோகிராஃபரும். தேடினது மகனை. எந்திரிச்சு வந்ததோ ஜட்டியோட அப்பா, நைட்டியோட அம்மா. பையன் அங்க இல்லவே இல்ல. கேஸு மேல மேல போயி 1999ல அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு, வாரண்டு இருந்தாலும் பத்திரிகைக்காரனை வீட்டுக்குள்ள கூட்டிட்டுப் போறது அரசியல் சட்டத்துக்கு விரோதம்னு சொல்லிருச்சு. சபாஷ்னு கையைத் தட்டுறதுக்குள்ள அடுத்த பாராவுல, "ஆனா அது தப்புன்னு அப்போ தெளிவா இல்லாததால இந்த ஆபீசர்கள் நட்ட ஈடு குடுக்க வேண்டாம்"னும் சொல்லிருச்சு. என்ன நேர்த்தி பாத்தியா! பெறகென்ன, கேமராக்காரங்களுக்கு ரோடு இருக்கவே இருக்கு. ரோட்டுல கதவு கிடையாதுல்லா.

ரோட்டுக் கதைதான் உன் வீட்டுப் பக்கத்துக் கதை. நீ குடியிருக்கிற ரவுண்ட் ராக் எந்தக் கவுண்டி? வில்லியம்சன். உனக்குப் பிடிச்ச நிகழ்ச்சிக்கு அப்பன், 'லைவ் பிடி'. 2016ல ஆரம்பிச்சது. ஒரே நேரத்துல பல ஊரு போலீசு வண்டியில கேமரா, ஸ்டூடியோவுல டான் ஏப்ரம்ஸ்னு ஒரு வக்கீலு உக்காந்து விளக்கம் சொல்லுவாரு. நேரலைன்னு பேரு, கொஞ்ச நேரம் பிந்தித்தான் வரும். நேரலைன்னதால செய்தி மாதிரின்னு சொல்லி, மாட்டினவன்கிட்ட கையெழுத்தும் வாங்குறதில்ல. 'காப்ஸ்'ல இருந்த அந்த ஒரு பேப்பரும் போச்சு.

வில்லியம்சன் கவுண்டியில அப்ப ஷெரீஃப் ராபர்ட் சோடி. 2001ல லாட்டரியில எண்பத்தஞ்சு மில்லியன் டாலர் விழுந்த மனுசன். அதிர்ஷ்டலட்சுமி பாத்தாச்சு, அடுத்து டிவியிலயும் பாக்கணும்னு ஆசை, தப்பில்ல. 'லைவ் பிடி'யைக் கூட்டிட்டு வந்தாரு. 2019 மார்ச் 28, ராத்திரி ஒண்ணரை மணி வாக்குல ஹாவியர் ஆம்ப்ளர்னு நாப்பது வயசு கறுப்பின மனுசன் காருல வாறாரு. ரெண்டு பிள்ளைக்குத் தகப்பன். செஞ்ச குத்தம், எதுக்க வண்டி வரையில ஹெட்லைட்டை டிம் பண்ணல. போலீசு நிறுத்தச் சொல்லி நிறுத்தாமப் போனாரு. இருவத்திரெண்டு நிமிசம் துரத்தல், ஆஸ்டின் வரைக்கும். மோதி நின்ன வண்டியில இருந்து கையைத் தூக்கிக்கிட்டு இறங்குனவருக்குத் திரும்பத் திரும்ப கரண்டு துப்பாக்கி. எனக்கு இதய நோயி, மூச்சு விட முடியலன்னு அவர் சொன்னது போலீசோட உடம்புக் கேமராவுல பதிவாயிருக்கு. செத்துப்போனாரு.

'லைவ் பிடி' கேமராவும் அங்க இருந்துச்சு. துரத்தல், இறக்கம், கரண்டு, எல்லாம் இருக்கிற காட்சி. போட்டாங்களா? போடல. வச்சிருந்தாங்களா? அழிச்சுட்டாங்க. ஒரு வருசத்துக்கு மேல கழிச்சு, 2020 ஜூன்ல, ஆஸ்டின் போலீசோட உடம்புக் கேமரா காட்சி உள்ளூரு பத்திரிகைக்கும் டிவிக்கும் கிடைச்சு வெளிய வந்த பெறகுதான் ஊரு உலகத்துக்குத் தெரிஞ்சது.

இப்ப உன் தீர்ப்பைச் சொல்லு பாப்போம். நீ பாத்த அத்தனை வெள்ளிக்கிழமையும் போலீசு நல்லாத்தான் நடந்துகிட்டாக. நீ பாக்காத ஒரு வியாழக்கிழமை விடியக்காலம்தான் இது நடந்துச்சு.

"அவர் ஓடாம நின்னிருக்கலாம்ல"ன்னு உன் வாய்க்குள்ள ஒரு வார்த்தை நிக்குது பாரு. சொல்லு, பரவாயில்ல, உன்னைப் போல பாக்குற லட்சக்கணக்கான பேரு சொல்றதுதான். நிறுத்தாமப் போனது தப்புதான். அதுக்கு என்ன தண்டனைன்னு சட்டப் புத்தகத்துல ஒரு வரி இருக்கும், அதுல கரண்டு இருக்காது. அந்த ராத்திரி அவரைப் பிடிச்ச ஷெரீஃபோட டெபுட்டிக ரெண்டு பேரையும் குத்தவாளி இல்லைன்னு 2024ல ஜூரி விட்டுருச்சு. ஜூரி சொன்னா நான் மேல பேச மாட்டேன், பழக்க தோசம். ஆனா கவுண்டி அந்தக் குடும்பத்துக்கு அஞ்சு மில்லியன் டாலர் குடுத்துச்சு. ஒண்ணும் நடக்கலேன்னா எவனும் அம்புட்டுப் பணம் குடுக்க மாட்டான்.

அந்த 2020 ஜூன் நமக்கும் மறக்குற மாசமா? அங்க அந்தக் காட்சி வெளிய வந்த அதே மாசந்தான் சாத்தான்குளம். போலீசு அடியில செத்த அப்பனும் மகனும் கடைசியா அடைபட்டுக் கிடந்தது நம்ம கோவில்பட்டி சப்-ஜெயில்ல. ஸ்டேசன்ல கேமரா இருந்துச்சு, பதிவு அன்னன்னைக்குத் தானா அழியிற மாதிரி வச்சிருந்தாகன்னு விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட்டு ஹைகோர்ட்டுக்கு எழுதுனாரு. உன் தங்கச்சி வேலை பாக்குற அதே பெஞ்சுதான் தானா முன்வந்து எடுத்துச்சு. நீ மட்டும் பாவம் செஞ்சவன்னு நினைக்காத. பாத்ரூம்ல வழுக்கி விழுந்து மாவுக்கட்டோட நிக்கிற பய போட்டோவைப் பாத்துச் சிரிக்கிற கூட்டம் இந்தத் தெருவுலயே இருக்கு. சாத்தான்குளத்துக்கு அழுததும் அதே கூட்டந்தான்.

மேரி பெத் ஆலிவர்னு ஒரு பேராசிரியை, தொண்ணூறுகள்லயே இந்த மாதிரி நிகழ்ச்சியை எண்ணிப் பாத்து எழுதியிருக்காகளாம். நெசத்துல தீராத கேஸு டிவியில சுளுவா தீருதாம். வெள்ளையர் போலீசா வாறதும் கறுப்பினத்தார் குத்தவாளியா வாறதும் அதிகமாம். இதை யாரு ரொம்ப ரசிக்கிறாகன்னும் பாத்திருக்காக. அடங்கி நடக்கணும், அடிச்சுத் திருத்தணும்னு நினைக்கிறவுகதானாம். உன் தங்கச்சி இதைச் சொல்லிட்டு உன் பேரைச் சொன்னா. நான் உனக்காகத்தான் வாதாடுனேன். "அவன் ஒரு பல்லியைக்கூட அடிக்க மாட்டான்லா, பாக்கத்தான செய்றான்"னேன். "அதான் தாத்தா பிரச்சினையே"ன்னுட்டா.

ஜார்ஜ் ஃபிளாய்டு சாவுக்கு நாடே தெருவுக்கு வந்த அந்த ஜூன்ல 'காப்ஸ்', 'லைவ் பிடி' ரெண்டையும் நிறுத்துனாங்க. எல்லாரும் திருந்திட்டாங்கன்னு நினைச்சியா? அடுத்த வருசமே 'காப்ஸ்' ஃபாக்ஸ் நேஷன்ல முளைச்சிருச்சு. 2022 ஜூலையில அதே டான் ஏப்ரம்ஸை வச்சு 'ஆன் பேட்ரோல்: லைவ்'னு ரீல்ஸ் சேனல்ல வந்துருச்சு. நீ இப்ப பாக்குறது அதுதான். பேரை மாத்தி வாய்தா வாங்குறதை நாங்க கோர்ட்டுலயே பாத்திருக்கோம்.

ஒண்ணு மட்டும் மாறிச்சு. உங்க டெக்சாஸ்ல 2021ல ஒரு சட்டம் போட்டாங்க, ஆம்ப்ளர் பேராலயே. போலீசு ரியாலிட்டி டிவியோட ஒப்பந்தம் போடக் கூடாது. அதான் நீ ரவுண்ட் ராக்ல உக்காந்துக்கிட்டு சவுத் கரோலினா போலீசுக்குத் தீர்ப்பு எழுதிக்கிட்டு இருக்கே. உன் தெருவுல சுத்துற போலீசு எப்படி நடக்குன்னு உனக்குத் தெரியாது.

தெரிஞ்சுக்க வழி உண்டு, அதுக்கு ரிமோட் வேண்டாம். அங்க ஷெரீஃபை ஓட்டுப் போட்டுத்தான் தேர்ந்தெடுக்காங்க. கவுண்டி கமிஷனர்மாரு 2019லயே 'லைவ் பிடி' ஒப்பந்தத்தை ரத்து பண்ணுனாக. சோடி மறுவருசம் திரும்பக் கூட்டிட்டு வந்தாரு. 2020 நவம்பர்ல தேர்தல் வந்துச்சு, அந்த டிவி ஷெரீஃப் தோத்துப்போனாரு. உனக்குக் குடியுரிமை என்னைக்கு வருதோ அன்னைக்குப் போயி உன் பேரைப் பதிஞ்சிட்டு வா. அதுவரைக்கும் ராத்திரி கார் ஓட்டையில எதுக்க வண்டி வந்தா ஹெட்லைட்டை டிம் பண்ணிக்கிடு யய்யா. நிறுத்தச் சொன்னா நிறுத்து, கையை ஸ்டியரிங் மேல வச்சுக்கோ. உன் நிறத்தைப் பாத்து அவுக என்ன நினைப்பாகன்னு எனக்கு உத்தரவாதம் இல்ல.